தொலைமருத்துவமும் பொதுக் காப்பீடும் - ஒரு மதிப்பீடு

தோற்றுவாய்

வீராணம் ஏரியின் கரையில் அமைந்த ஊர் லால்பேட்டை. அவ்வேரியின் நீர் 2004ஆம் ஆண்டு முதல் இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் குழாய் வழியாகக் கடந்து சென்று சென்னை மக்களின் தாகம் தணித்து வருகிறது. நம் ஊர் நீர் தலைநகரத்தை அடைய வழி கண்ட அறிவியல், தலைநகரத்து மருத்துவரின் அறிவு நம் ஊரை வந்தடையவும் வழி கண்டுள்ளது. அதற்குத் தொலைமருத்துவம் என்று பெயர். நோயாளி ஓரிடத்திலும் மருத்துவர் வேறோரிடத்திலும் இருக்க, தொலைபேசி, கணினி, செயற்கைக்கோள், இணையம் ஆகியவற்றின் துணையால் நோய் அறிந்து மருத்துவம் கூறும் முறையே அது.

வழி அமைந்துவிட்டது. ஆனால் அவ்வழியே வரும் மருத்துவத்துக்கு யார் பணம் கொடுப்பது? நோயாளியா, அரசா, அரசு நடத்தும் காப்பீட்டுத் திட்டமா? காப்பீடு கொடுப்பதாயின் எதற்குக் கொடுக்க வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும்? பொருளியல் அறிஞருக்கும் மருத்துவத் துறையினருக்கும் உரிய இவ்வினாவைத் தமிழாசிரியன் ஒருவன் எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மக்களின் உடல்நலம் பற்றிய முடிவுகள் மக்களின் மொழியில் பேசப்படாவிடில் அவை மக்களைக் கேளாமலேயே எடுக்கப்பட்டுவிடும். ஆகவே எனக்கு விளங்கிய அளவில், மாணவர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் விளங்கும் வகையில், இதனை விளக்க முற்படுகின்றேன்.

வள்ளுவர் வகுத்த நான்கு

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் 95ஆவது. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவர் ஒருவர், நோயைத் தீர்ப்பவர் ஒருவர், மருந்து ஒன்று, அருகிருந்து துணைசெய்பவர் ஒருவர். இந்நான்கில் ஒன்று குறையினும் மருத்துவம் முழுமை பெறாது என்பது ஆசிரியர் கருத்து. இக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் ஒவ்வொரு கூறுக்கும் நன்னான்கு இயல்புகளைக் கூறுகின்றார். நோயாளிக்கு உரியனவாக அவர் எண்ணும் நான்கினுள் பொருளுடைமையும் ஒன்று. பணமில்லாதவனுக்கு மருத்துவம் இல்லை என்னும் உலகியல் உண்மையை அவ்வுரையாசிரியர் மறைக்கவில்லை.

அந்தப் பொருளுடைமைக் குறையை ஈடுசெய்யவே இக்காலத்தில் அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் தோன்றின. தீர்ப்பவர் தொலைவில் இருக்கும் குறையை ஈடுசெய்யத் தொலைமருத்துவம் தோன்றியது. எஞ்சியிருப்பது நான்காம் கூறு. அருகிருந்து துணைசெய்பவரை இவ்விரண்டும் எவ்வாறு நடத்துகின்றன என்பதே இக்கட்டுரையின் உயிர்நாடியான வினா. அவ்வினாவின்றித் தொலைமருத்துவத்தை மதிப்பிடுவோர் திரையை மட்டுமே மதிப்பிடுகின்றனர் என்பது என் துணிபு.

ஒரு வீட்டின் கணக்கு

எங்கள் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவது பொருத்தமாகும். என் தாயார் லால்பேட்டையில் வாழ்ந்தவர். நெடுநாள் சர்க்கரை நோயாளி. சர்க்கரை நோய் கண்ணின் விழித்திரையிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிறிது சிறிதாகப் பழுதாக்கும் இயல்புடையது. தொடக்கத்தில் வலியில்லை, பார்வையும் குறையாது. பார்வை குறைந்ததை நோயாளி உணரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆகையால் குறையேதும் தோன்றாதபோதே விழித்திரையைச் சோதித்தல் வேண்டும்.

சிதம்பரம் எங்கள் ஊரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் அளவில் உள்ளது. விழித்திரை வல்லுநரைக் காண நாங்கள் சென்றதோ அதனினும் மிகத் தொலைவிலுள்ள நகரம். வைகறையில் புறப்பட்டுக் காட்டுமன்னார்கோயில் வழியாகப் பேருந்து மாறிச் சென்றோம். உடன்பிறந்தார் இருவர் அரபு நாட்டில் இருந்தமையால் துணைக்குச் செல்ல நானே விடுப்பெடுக்க வேண்டியதாயிற்று. கண்ணின் பாவை விரியச் சொட்டுமருந்து இட்டனர். மாலைவரை தாயாருக்குப் பார்வை தெளியவில்லை. சோதனை முடிய ஆன நேரம் சில நிமிடங்களே. "நோய் தொடங்கியதற்கான சிறு அடையாளங்கள் தெரிகின்றன; ஓராண்டிற்குள் தவறாமல் வாருங்கள்" என்றார் மருத்துவர். மருத்துவர்க்குக் கொடுத்த கட்டணத்தினும் வழிச்செலவு மிகுதி. இரவு பத்து மணிக்கு வீடு திரும்பினோம்.

அடுத்த ஆண்டு குடும்பத்தில் திருமணம். அதற்கடுத்த ஆண்டு ஐப்பசி மழையில் சாலையெல்லாம் வெள்ளம். "எனக்குக் கண் நன்றாகத்தானே தெரிகிறது, தம்பி, உனக்கு ஏன் விடுப்புச் செலவு?" என்று தாயாரும் தள்ளிப்போட்டார்கள். நானும் வற்புறுத்தவில்லை. மூன்றாம் ஆண்டு இடக்கண்ணில் இரத்தம் கசிந்து பார்வை மறைந்தது, அது மீளவில்லை. இதில் எந்த மருத்துவர் மீதும் எனக்குக் குறையில்லை. கட்டணம் குறைவாக இருந்தும், மருத்துவர் நல்லவராக இருந்தும், தொலைவு ஒரு கண்ணை வாங்கிக்கொண்டது என்பதையே இங்குக் கூற விரும்புகின்றேன்.

தமிழகம் கண்ட தொலைமருத்துவம்

தொலைமருத்துவம் நம் நாட்டிற்கு நேற்று வந்ததன்று. ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த அரகொண்டா என்னும் சிற்றூர் மருத்துவமனையைச் சென்னை அப்பல்லோ மருத்துவமனையுடன் இணைத்த அமைப்பினை 2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்நாளைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பில் கிளிண்டன் தொடங்கிவைத்தார். பின்னர் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியே நாட்டின் பல மருத்துவமனைகளை இணைத்தது. சென்னைச் சங்கர நேத்ராலயா, செயற்கைக்கோள் இணைப்புக் கொண்ட ஊர்தியைச் சிற்றூர்களுக்கு அனுப்பிக் கண்களைப் படமெடுத்துச் சென்னையிலிருந்த மருத்துவர்களுக்குக் காட்டும் பணியை 2003இல் தொடங்கியது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் முயற்சி சிறப்பாக எண்ணத்தக்கது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் நிறுவிய அம்மருத்துவமனை ஊர்தோறும் இலவசக் கண் முகாம்கள் நடத்திப் புகழ்பெற்றது. ஆயினும் 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கண் மருத்துவம் தேவைப்படும் சிற்றூர் மக்களுள் நூற்றுக்கு ஏழு பேர்கூட முகாமிற்கு வருவதில்லை என்று காட்டிற்று. முகாம் இலவசம்; ஊர்தியும் இலவசம்; இருந்தும் வருவோர் ஏழு பேர்க்கும் குறைவு. இவ்வுண்மை அம்மருத்துவமனையினரைச் சிந்திக்கவைத்தது. ஆண்டுக்கொருமுறை ஊருக்கு வரும் முகாமிற்கு மாறாக, ஊரிலேயே நிலையாக இருக்கும் கண் சிகிச்சை மையங்களை அவர்கள் 2004 முதல் நிறுவலாயினர். இன்று அவை நூற்றுக்கும் மேற்பட்டுள்ளன.

அம்மையத்தில் மருத்துவர் இல்லை. பயிற்சி பெற்ற உதவியாளர் இருப்பார். அவர் பெரும்பாலும் அப்பகுதிச் சிற்றூர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்றப்பட்ட பெண்ணாக இருப்பார். அவர் கண்ணைச் சோதித்துப் படமெடுத்துக் குறிப்பெழுதுவார். தலைமை மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் திரைவழியே நோயாளியுடன் பேசி முடிவு சொல்வார். வந்தவருள் பெரும்பாலோர்க்குக் கண்ணாடியோ மருந்தோ அங்கேயே கிடைத்துவிடும். அறுவைச் சிகிச்சை வேண்டுவோர் மட்டும் நகரம் செல்வர். இம்மையங்கள் நெடுங்காலம் வாங்கிய கட்டணம் 20 ரூபாய். அத்தொகைக்கு மூன்று மாதத்திற்குள் மூன்று முறை வரலாம். வள்ளுவர் கூறிய நான்காம் கூறு இங்கே மையத்தின் நடுவில் அமர்ந்திருத்தலைக் காண்க.

கொரோனாப் பெருந்தொற்றின்போது தொலைமருத்துவம் சட்ட வடிவமும் பெற்றது. 2020 மார்ச் 25ஆம் நாள் இந்திய அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. நோயாளியின் இசைவு வேண்டும், பதிவேடு வேண்டும், இன்னின்ன மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதித்தருதல் கூடாது என்பன போன்ற வரையறைகளுடன், மருத்துவர் தக்க கட்டணம் பெறலாம் என்பதையும் அந்நெறிமுறைகள் ஒப்புக்கொண்டன. இ-சஞ்சீவனி என்னும் அரசுச் சேவை அதே ஆண்டு ஏப்ரலில் பொதுமக்கள் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேச வழிசெய்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடெங்கும் ஒன்றரை இலட்சம் ஆலோசனைகள் நிறைவுற்றபோது 32 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலோசனைகளுடன் தமிழ்நாடே முதலிடத்தில் நின்றது. 2023 பிப்ரவரியில் அச்சேவை பத்துக் கோடி ஆலோசனைகளைக் கடந்தது.

காப்பீட்டில் இடம் எங்கே?

தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கான உயிர்காக்கும் உயர்சிகிச்சைக் காப்பீட்டுத் திட்டம் 2009 ஜூலையில் கலைஞர் பெயரால் தொடங்கப்பெற்றது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2018இல் நடுவணரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் அது இணைக்கப்பட்டது. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டிற்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம் என்ற நிலை உண்டாயிற்று. 2022 ஜனவரியில் திட்டம் மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டபோது, ஆண்டு வருமான வரம்பு 72 ஆயிரத்திலிருந்து 1 இலட்சத்து 20 ஆயிரமாக உயர்ந்தது.

இவை போற்றத்தக்க திட்டங்கள். நம் ஊரிலேயே இதய அறுவையும் சிறுநீரகச் சிகிச்சையும் பெற்று வாழ்வோர் பலர். ஆயினும் இத்திட்டங்களின் அமைப்பை நோக்குக. மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும், வரையறுத்த சில பரிசோதனைகளுக்கும், சிகிச்சை ஒன்றுக்கு இவ்வளவு என்று முன்பே கட்டிய தொகை வழங்கப்படுகிறது. வெளிநோயாளியாக வந்து மருத்துவரைப் பார்த்துச் செல்வதற்கு ஆயுஷ்மான் பாரத் திட்டம் பணம் தருவதில்லை. தொலைமருத்துவமோ இயல்பிலேயே வெளிநோயாளி மருத்துவம். ஆகவே அது சட்டத்தில் இடம்பெற்றும் காப்பீட்டின் கட்டணப் பட்டியலில் இடம்பெறவில்லை. காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2020 ஜூனில் ஓர் அறிவுறுத்தல் வழங்கியது உண்மையே. மருத்துவ ஆலோசனைக்குப் பணம் தரும் காப்பீடுகள் தொலைமருத்துவ ஆலோசனைக்கும் தரவேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் நேர்முக ஆலோசனைக்கே பணம் தராத திட்டத்தில் அவ்வறிவுறுத்தலால் விளையும் பயன் என்ன?

விளைவு விந்தையானது. கண் பார்வை கெடாமல் காக்கும் சோதனைக்கு இடமில்லாத கணக்குப் புத்தகத்தில், கெட்டபின் செய்யும் பெருஞ்சிகிச்சைக்கு இடமிருக்கிறது. வேலி கட்டப் பணம் தராமல், பயிர் மேய்ந்தபின் இழப்பீடு தருவது போன்றது இது.

இதனைப் படிப்போர், "அப்படியாயின் உடனே காப்பீட்டில் சேர்த்துவிடலாமே" என்று எண்ணுவர். நில்லுங்கள். காப்பீட்டுப் பணம் வற்றாத ஊற்றன்று. திரைவழி ஆலோசனைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வேறொருவரின் அறுவைச் சிகிச்சைக்குப் போயிருக்கக்கூடிய ரூபாய். ஆகவே மதிப்பிட்டே கொடுத்தல் வேண்டும். எவ்வாறு மதிப்பிடுவது?

மதிப்பிடும் முறை

மருத்துவப் பொருளியலார் ஒரு சிகிச்சையை மதிப்பிடுகையில், அதனால் மக்கள் பெறும் நலமான வாழ்நாளைக் கணக்கிடுவர். முழு நலத்துடன் வாழும் ஓராண்டு ஒன்று எனக் கொள்ளப்படும். பார்வையிழந்து வாழும் ஓராண்டு அதற்குக் குறைவாக மதிப்பிடப்படும். இவ்வாறு கூட்டி, நலமான ஓராண்டைப் பெற எவ்வளவு செலவாகிறது என்று காண்பர். செலவு நாட்டின் தாங்கும் ஆற்றலுக்கு உட்பட்டிருப்பின் அச்சிகிச்சை பொதுப்பணத்துக்குத் தகுதியுடையது என்பர். நம் நாட்டிலும் இவ்வகை ஆய்வுகளுக்கென்று மருத்துவ ஆராய்ச்சித் துறையின்கீழ் 2017 முதல் தனியமைப்பு ஒன்று இயங்கிவருகிறது.

நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு நேராகப் பொருந்தும் ஆய்வு ஒன்று சங்கர நேத்ராலயாவின் சிற்றூர்த் தொலைக்கண் மருத்துவப் பணியை அடிப்படையாகக் கொண்டு நடந்தது. இலண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து நிகழ்த்திய அவ்வாய்வு 2013இல் கண் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. சர்க்கரை நோயுற்ற நாற்பது வயதுச் சிற்றூர் மக்கள் ஆயிரவரைக் கற்பனையாகக் கொண்டு, இருபத்தைந்து ஆண்டுகளில் அவர்தம் பார்வைக்கு என்ன நேரும் என்று கணக்கிட்டனர். சோதனையே இல்லாத நிலையையும், தொலைமருத்துவ ஊர்தி வந்து சோதிக்கும் நிலையையும் ஒப்பிட்டனர்.

முதற்கண் மருத்துவமனையின் செலவை மட்டும் எண்ணினர். வாழ்நாளில் ஒருமுறை சோதித்தால், நலமான ஓராண்டைப் பெற 1,320 டாலர் செலவு, இது ஏற்கத்தக்கது. இரண்டாண்டுக்கொருமுறை சோதிப்பதும் ஏற்கத்தக்கதே. ஆனால் ஆண்டுதோறும் சோதிப்பின் செலவு 3,183 டாலரைக் கடந்தது. ஏற்புடைய எல்லையைத் தாண்டிற்று. பின்னர் நோயாளியின் செலவையும், அதாவது பயணம், இழந்த கூலி, துணைவருவோரின் நேரம் போன்றவற்றையும் உள்ளடக்கிச் சமுதாயம் முழுவதன் கண்கொண்டு எண்ணினர். விடை மாறிவிட்டது. ஐந்தாண்டுக்கொருமுறை சோதிப்பதே ஏற்கத்தக்கது. அதனினும் அடிக்கடி செய்வது அன்று என்று முடிவு வந்தது.

இம்முடிவை முதன்முதல் அறிந்தபோது நான் திகைத்தேன். நோயாளியின் துன்பத்தையும் கணக்கில் சேர்த்தால் "இன்னும் அடிக்கடி" என்றல்லவா விடை வரும் என எண்ணியிருந்தேன்? மாறாகக் குறைவாகவே வந்தது. காரணம் தெளிவு. ஊர்தி ஊருக்கு வந்தாலும் நோய் கண்டவர் சிகிச்சைக்கு நகரம் செல்லவேண்டும்; சோதனைக்கு வருவோரும் அன்றைய கூலியை இழப்பர். அவ்விழப்பும் செலவே. மருத்துவமனைக் கணக்கேட்டில் எழுதப்படாததனால் அது செலவில்லை என்று ஆகிவிடாது.

உண்மையைக் கூறின், ஐந்தாண்டுக்கொருமுறை என்ற விதி எல்லோர்க்கும் ஒருபடித்தாக நடப்பின் என் தாயாரின் கண் தப்பியிராது. அதற்காக ஆய்வைப் பழித்தல் அறிவுடைமை ஆகாது. ஆய்வு கூறுவது ஆயிரவர்க்கான சராசரி. சோதனையில் குறையே காணாதவர் சில ஆண்டுகள் கழித்து வரலாம். தொடக்க அடையாளம் கண்டவரோ விரைவில் வரவேண்டும். யார் எவ்வகையினர் என்று பிரித்துணர முதற்சோதனை எல்லோர்க்கும் வேண்டும். பிரித்தபின் உரியவரை நினைவூட்டி அழைத்துவர ஒருவர் வேண்டும். என் தாயாரின் குறை முதற்சோதனையிலேயே தெரிந்துவிட்டது. இரண்டாம் ஆண்டு எங்கள் வாயிலில் வந்து நின்று, "பெரியம்மா, கண் பார்க்கும் நாள் வந்துவிட்டது" என்று கூற ஒருவர் இல்லை. இல்லாமற்போனது அந்த நான்காம் கூறே.

பிற நாடுகள் தரும் பாடம்

அமெரிக்காவில் முதியோர்க்கான மெடிகேர் காப்பீடு, 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1999 முதல் சிற்றூர்த் தொலைமருத்துவத்துக்குப் பணம் தரத் தொடங்கிற்று. தொலைவிலிருந்த வல்லுநரும் உள்ளூர் மருத்துவரும் ஒரே கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது அன்றைய விதி. 2000ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விதியை நீக்கியது. வல்லுநர்க்கு முழுக் கட்டணமும், நோயாளி அமர்ந்திருக்கும் இடத்துக்குத் தனியே 20 டாலரும் 2001 அக்டோபர் முதல் வழங்கப்பட்டன. நோயாளியின் பக்கத்தில் நடப்பதும் மருத்துவமே என்பதை அந்நாட்டுச் சட்டம் உணரச் சில ஆண்டுகள் ஆயின.

ஆஸ்திரேலியா 2011 ஜூலையில் காணொளி வழி வல்லுநர் ஆலோசனையைத் தன் பொதுக் காப்பீட்டில் சேர்த்தது. நோயாளியின் அருகிலிருந்து உதவும் குடும்ப மருத்துவர், செவிலியர் ஆகியோர்க்கும் தொடக்கத்திலேயே கட்டணம் வகுத்தது. 2012 நவம்பரில், நோயாளிக்கும் வல்லுநருக்கும் இடையே குறைந்தது 15 கிலோமீட்டர் தொலைவு இருத்தல் வேண்டும் என்ற விதியையும் சேர்த்தது. கூப்பிடு தொலைவில் இருப்போர் இதனைப் பயன்படுத்திப் பணம் பெறலாகாது என்பது கருத்து. அவ்விதிப்படி லால்பேட்டையிலிருந்து சிதம்பரத்து வல்லுநரைத் திரையில் காண்பதற்கும் பணம் கிடைத்திருக்கும்! பெருந்தொற்றுக் காலத்தில் அந்நாடு எல்லோர்க்கும் வாயிலைத் திறந்துவிட்டது. சில மாதங்களிலேயே, 2020 ஜூலையில், குடும்ப மருத்துவரைத் தொலைவிலிருந்து அணுகுவோர் முந்தைய ஓராண்டிற்குள் அவரை நேரில் பார்த்தவராக இருத்தல் வேண்டும் என்ற பொதுவிதியையும் வகுத்தது. முகமறியா மருத்துவமும் முன்பின் அறியா நோயாளியும் பெருகுவதைத் தடுக்கவே இவ்விதி.

இத்தடைகள் வீண் அச்சத்தால் எழுந்தவை அல்ல. 2017இல் வெளிவந்த கலிபோர்னிய ஆய்வு ஒன்று, சளி, இருமல் போன்றவற்றுக்குத் தொலைபேசி வழி மருத்துவரை நாடியோரை ஆராய்ந்தது. அவ்வழைப்புகளில் நூற்றுக்குப் பன்னிரண்டு மட்டுமே நேர்முக வருகைக்கு மாற்றாக அமைந்தவை. எஞ்சிய எண்பத்தெட்டும் புதியனவாகக் கூடியவை. எளிதாகக் கிடைப்பதனாலேயே மக்கள் கூடுதலாக நாடினர். செலவு குறைவதற்கு மாறாகக் கூடிற்று. அழைப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால் அழைப்புகள் பெருகும். நலம் பெருகுமா என்பது வேறு வினா.

எதற்குக் கொடுப்பது?

மேற்கூறியவற்றால் பெறப்படும் கருத்துகளைத் தொகுத்துரைப்பேன்.

முதலாவது, எதனோடு ஒப்பிடுகிறோம் என்பது. நகரத்து வல்லுநரின் நேர்முகச் சோதனையோடு ஒப்பிடின் தொலைமருத்துவம் ஒருபடி தாழ்ந்ததே. சோதனையே இல்லாமையோடு ஒப்பிடின் அது பெரும்பேறு. வல்லுநர் இல்லாத ஊர்களுக்கும், நாட்பட்ட நோய்களுக்கும் காப்பீடு முன்னுரிமை தருதல் வேண்டும். சளிக்கும் காய்ச்சலுக்கும் இ-சஞ்சீவனி போன்ற அரசுச் சேவைகளே போதும்.

இரண்டாவது, யாருடைய செலவை எண்ணுகிறோம் என்பது. பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் துணைவந்த மகனின் விடுப்பும் கணக்கில் ஏறவேண்டும். அவை ஏறும்போது சில வேளை "கொடு" என்றும், சில வேளை "அடிக்கடி வேண்டா" என்றும் விடை வரும். இரண்டையும் ஏற்கும் மனப்பக்குவம் வேண்டும்.

மூன்றாவது, எப்பொழுது கொடுக்கிறோம் என்பது. அழைப்பு முடிந்தவுடன் முழுப்பணமும் கொடுத்தால் அழைப்பே குறிக்கோளாகிவிடும். என் கருத்தில் கட்டணத்தை மூன்றாகப் பகுக்கலாம். நோயாளியின் அருகிலிருந்து சோதித்துப் படமெடுக்கும் உதவியாளர்க்கும் அவர் இருக்கும் மையத்துக்கும் ஒரு பங்கு. படத்தைப் பார்த்து முடிவு சொல்லும் மருத்துவர்க்கு ஒரு பங்கு. மேற்சிகிச்சை வேண்டும் எனப்பட்டவர் அச்சிகிச்சையைப் பெற்றுவிட்டார் என்று உறுதியான பின்னரே மூன்றாம் பங்கு. நோய் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நோயாளியைப் பாதியில் விட்டுவிடும் மருத்துவத்துக்கு முழுக்கூலி கிடைக்கலாகாது.

நான்காவது, அருகிருப்போரை எங்கே தேடுவது என்பது. அவர்கள் நம்மிடையே முன்னரே உள்ளனர். 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின் வழியாகப் பெண் பணியாளர்கள் வீடுதோறும் சென்று சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகளுக்கு மருந்து வழங்குகின்றனர். எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பதை அவர்கள் அறிவர். வெளியூர்ப் பயணத்துக்குத் தயங்கும் மூதாட்டியரும் அவர்களிடம் தயங்காமல் பேசுவர். அப்பணியாளரையும் விழித்திரைப் படக்கருவியையும் தொலைவிலுள்ள மருத்துவரையும் ஒரு நூலில் கோத்தால் போதும். அந்நூலே காப்பீட்டுக் கட்டணம்.

நிறைவாக

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுள் பலர் நாளை கணினித் துறையிலும் மருத்துவத் துறையிலும் அரசுப் பணியிலும் அமர்வீர்கள். புதிய கருவி ஒன்று வரும்போது அதன் ஒளியில் மயங்காமலும், புதியது என்பதனாலேயே வெறுக்காமலும், "இதனால் நலம் பெறுவோர் யார், செலவைச் சுமப்போர் யார், அருகிருந்து உழைப்போர்க்குக் கிடைப்பது என்ன?" என்று கேட்கப் பழகுங்கள். ஊர்ப் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கொருமுறை இலவச முகாம் நடத்துவதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. முகாமில் குறை காணப்பட்டவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அவர்கள் சிகிச்சை பெறும்வரை தொடர்ந்து செல்லும் இளைஞர் இருவரை நியமித்தால், அரசு செய்யுமுன் நாம் வழிகாட்டியவர்கள் ஆவோம்.

என் தாயார் எஞ்சிய ஒரு கண்ணைக் கொண்டே இறுதிவரை ஓதவும் பேரப்பிள்ளைகளின் கடிதங்களைப் படிக்கவும் செய்தார்கள். அக்கண்ணைக் காத்தது ஆறு மாதத்திற்கொருமுறை தவறாமல் மேற்கொண்ட பயணம். அந்தப் பயணத்துக்கு அழைத்துச் செல்ல ஆசிரியப் பணியிலுள்ள மகன் ஒருவன் இருந்தான். அத்தகைய மகன் இல்லாத தாய்மார் நம் தெருக்களில் எத்தனையோ பேர். அவர்களுக்கும் துணைநிற்கும் வகையில் காப்பீட்டுக் கட்டணம் அமையுமாயின், வள்ளுவர் வகுத்த நான்கும் நிறைவுறும்.